பின்வளவில் எடுத்த சண்டைக்காட்சி

1

ஊரிலிருந்து இதை வாசிக்கப்போகிற உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற யப்பானிய சினிமா இயக்குநரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உச்சரிப்புப் பிழை என்று என் மகன் என் கழுத்தை அறுப்பான். எங்கள் வீட்டில் அவர் யப்பான்காரர்தான். சோறு போடும்போதும் யப்பான்காரர், உடுப்புக் காயப்போடும்போதும் யப்பான்காரர். செத்துப் பல வருடமான அந்த மனிதர் மெல்பேணுக்குப் பக்கத்தில், நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு ஹோலில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்.

அவர் பிறந்து நூறு வருடமாகிறது என்று 2010இல் மெல்பேணில் ஒரு தியேட்டரில் அவருடைய படங்களை வரிசையாகப் போட்டார்கள். மகன் துவாரகன் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறான். தெரிந்த சனம் "தம்பி என்ன படிக்கிறார்?" என்று கேட்டால் நான் "மீடியா" என்பேன். சினிமா என்று சொன்னால் அவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அவன்தான் என்னையும் தகப்பனையும் அந்தத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனான்.

நான் நித்திரை கொள்ளலாம் என்றுதான் போனேன். எங்கே கொள்ளுவது! கொட்டுகிற மழையில், சேற்றுக்குள், ஆட்கள் வாளோடும் ஈட்டியோடும் ஓடுகிறார்கள். விழுந்தவனை மிதித்துக்கொண்டு அடுத்தவன் ஓடுகிறான். எங்கள் படங்களில் கதாநாயகன் அடித்தால் அடிபட்டவன் ஆகாயத்தில் பறந்துபோய் வாழைக்குலைக்குள் விழுவான், எனக்குச் சிரிப்பு வரும். இவருடைய ஆட்கள் பறக்கவில்லை. வழுக்குகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், பயத்தில் கண்டபடி வெட்டுகிறார்கள். வெட்டு விழுந்தபிறகு ஒருவனும் வசனம் பேசவில்லை. அடிதடி என்றால் அப்படித்தான் இருக்கும். பார்த்தவள் சொல்கிறேன்.

என் கணவர் தவத்துக்கு வலது காது கேட்காது. எங்கே போனாலும் இடது காது சத்தம் வருகிற பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து இருப்பார். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தார். படம் முடிந்து வெளியில் வந்தபோது துவாரகன் பெரிய ஆவலோடு, "அப்பா, எப்பிடி?" என்று கேட்டான்.

"நல்ல மழை," என்றார் தவம்.

2

அந்தக் காதின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

துவாரகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டான், அப்பாவுக்கு ஏன் ஒரு காது கேட்பதில்லை என்று. நான் தவத்தைப் பார்த்தேன். தவம் கோப்பையைப் பார்த்தார். எங்களுக்கு முன்னம் என் அண்ணை பதில் சொன்னார். அண்ணை சிட்னியில் கிரவீனில் இருக்கிறவர், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ஆமி அடிச்சது மருமகன். துவக்குப் பிடியால. நான்தான் உன்ர அப்பாவைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடினனான்."

குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிள்ளை எழும்பிப் போய் மாமாவைக் கட்டிப்பிடித்தான்.

ஆமி எங்கள் ஊரில் செய்ததற்குக் கணக்கில்லை. என் பெரியம்மாவின் மகனை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டது. சந்தியில் கிடந்த உடல்களை நானே என் கண்ணால் பார்த்தேன். ஆனபடியால் ஆமி அடித்தது என்றால் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அண்ணைக்கு அது நன்றாகத் தெரியும். தவத்தின் காதை உடைத்தது ஆமி இல்லை. அண்ணை.

பிறகேன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். நாங்கள் கொழும்பில் ஒரு லொட்ஜில் பொலிசுக்குப் பயந்து, கைக்குழந்தையோடு அறைக்குள் கிடந்த காலத்தில் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர் அவர். படிவம், மெடிக்கல், நேர்முகம், திரும்பவும் படிவம் என்று எல்லாவற்றுக்கும் சிட்னியிலிருந்து கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவருடைய வாயிலிருந்து வரவில்லை, விசா வந்தது. விமான நிலையத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற தவத்துக்குத் தன் ஜக்கெற்றைக் கழற்றித் தானே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்த வாயால் அந்தக் கதையை எடுப்பது? தவம் அவரை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார், ஊரில் கூப்பிட்டது போல.

2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் மெல்பேண் நகரத் தெருவில் நின்றார்கள். துவாரகனும் நின்றான். யாரோ அவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்கி ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்குக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். தன் அப்பாவின் உடைந்த காதைப் பற்றிக் கத்தினான். அதை உடைத்தவர்கள்தான் இன்றைக்குக் குண்டு போடுகிறார்கள் என்று கத்தினான். முன்வரிசையில் நின்ற பெண்கள் அழுதார்கள். குண்டு போட்டது உண்மை. காது பொய். அது பொய்யென்று பிள்ளைக்குத் தெரியாது.

தவமும் கூட்டத்துக்குள் நின்றார், அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒருநாள் இவன் உண்மையை எங்கேயாவது கேட்டு வந்தால் எங்கள் இரண்டுபேரையும் காறித் துப்புவான் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை.

3

யப்பான்காரரை எங்கள் குடும்பத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தவரும் இதே அண்ணைதான்.

ஊரில் வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்து, ஜெனரேற்றர் பூட்டிப் படம் போடுகிற காலம். மற்ற ஊர்களில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஓட, அண்ணை எங்கேயோ கொழும்பிலிருந்து யப்பான்காரரின் கசெற் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதிக்குப் பிரதி எடுத்த கசெற். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்துப் பாதிதான் தெரியும். அண்ணை ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கம்போடு நின்று தமிழில் கதை சொல்லுவார். தெரிந்த எழுத்தை மொழிபெயர்ப்பார், தெரியாததைத் தானே இட்டுக்கட்டுவார். சிலவேளை யப்பானியன் வாயைத் திறக்க முன்னமே அவனுடைய வசனத்தை இவர் சொல்லி முடித்துவிடுவார். ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். வாள் சண்டை வந்தால் மட்டும் அண்ணை பேசமாட்டார். கம்பை இறுக்கிப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பழக்கத்தை அவர் கிரவீனிலும் விடவில்லை. பள்ளி விடுமுறைக்குத் துவாரகன் சிட்னிக்குப் போனால் மாமனும் மருமகனும் டிவிடியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். இங்கே பார், காற்று எப்படி அடிக்கிறது. இங்கே பார், வெட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறான். பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்க நான் சனிக்கிழமைகளில் மழையிலும் வெயிலிலும் காரை ஓட்டிக்கொண்டு திரிந்தேன், ஒன்றும் ஏறவில்லை. மாமா படிப்பித்த யப்பான்காரர் மட்டும் பச்சைத்தண்ணி போல இறங்கினார். எனக்கு எரிச்சல்தான், ஏன் மறைக்க வேண்டும்?

அந்தத் தியேட்டர் வாரத்தில் அண்ணையும் மெல்பேணுக்கு வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹோலில் இருந்து துவாரகனுக்கு யப்பான்காரரின் சின்ன வயதுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்து நகரமே எரிந்ததாம். யப்பான்காரரின் அண்ணன் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கருகிக் கிடந்த உடல்களை ஒவ்வொன்றாகக் காட்டினானாம். தம்பி முகத்தைத் திருப்பினாலும் விடவில்லையாம், நேராகப் பார்க்க வைத்தானாம். பிற்காலத்தில் அந்த அண்ணன் ஊமைப்படங்களுக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுகிற தொழில் செய்தானாம். இதைச் சொல்லும்போது என் அண்ணைக்கு முகமெல்லாம் பூரிப்பு, தானே அந்த அண்ணன் என்ற நினைப்பு.

"நானும் உன்ர அம்மாவை அப்பிடித்தான் வளர்த்தனான் மருமகன். எதையும் கண்ணை மூடாமப் பாக்கோணும். கேட்டுப் பார், சொல்லுவா."

நான் குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி கையில் இருந்தது. மீனின் தலையை ஒரே வெட்டாக வெட்டினேன், பலகை இரண்டாய்ப் பிளக்கப் பார்த்தது.

"என்னம்மா சத்தம்?" என்று துவாரகன் ஹோலில் இருந்து கேட்டான்.

"மீன்," என்றேன்.

4

அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணை மூட விடவில்லைதான்.

தவமும் நானும் விரும்பினோம். தவத்தின் தகப்பன் எங்கள் வளவில் சீவல் தொழில் செய்தவர், பனையில் ஏறிக் கள் இறக்குகிறவர். அவர் வந்தால் முற்றத்தில் நிற்பார், நாங்கள் கதிரையில் இருப்போம். உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சாதி என்றால் என்னவென்று தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

விசயம் வீட்டுக்குத் தெரியவந்த அன்றைக்கு நல்ல மழை. அண்ணை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனார். அங்கே அவருடைய சிநேகிதர் தவத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருத்தன் வந்து என் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான். அண்ணை மண்வெட்டிப் பிடியை எடுத்தார். முதலில் முழங்காலில் அடித்தார். தவம் விழுந்தார். பிறகு முதுகில், தோளில். சேறும் தண்ணியும் தெறித்தது. தவம் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார், மழையில் எனக்குக் கேட்கவில்லை. நான் முகத்தைத் திருப்பினேன். அண்ணை அடிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"பார். கண்ணை மூடாதை. மூடினியெண்டால் இன்னும் விழும் அவனுக்கு."

பார்த்தேன். காதோடு சேர்த்து ஓங்கி ஒரு அடி. தேங்காய் உடைக்கிற சத்தம். இரத்தம் காதால் வந்து கழுத்தால் ஓடிச் சேற்றோடு போனது. தவம் அசையாமல் கிடந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துத் தோட்டங்களில் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒரு மனிதப்பிறவியும் திரும்பிப் பார்க்கவில்லை.

காயம் ஆறிய பிறகு தவம் சந்தைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கையிலிருந்த மரக்கறிப் பையை அப்படியே வைத்துவிட்டு, உடுத்த உடுப்போடு அவருக்குப் பின்னால் போனேன். அதுதான் எங்கள் கலியாணம்.

5

இப்போது விளங்குமே, துவாரகன் தன் படிப்புக்கு ஒரு குறும்படம் எடுக்கவேண்டும், அது அப்பாவின் காதைப் பற்றியது என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்குமென்று.

கதையை அவனும் மாமாவும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். மழையில் ஒரு தோட்டம், ஆமிக்காரன் ஒருத்தன் ஒரு இளைஞனை அடிக்கிறான். பிறகு ஒரு துணிச்சல்காரன் வந்து தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஓடுகிற பகுதியை வேறொரு நாள் எடுப்பதாம். அடிக்கிற பகுதி எங்கள் வீட்டுப் பின்வளவில். ஆமிக்காரனுக்கு முகம் தேவையில்லை, தலைக்கவசத்தோடு முதுகு மட்டும்தான் வரும், அதனால் மாமா நடிக்கட்டும். அடிவாங்குகிறவனுக்கு முகம் வேண்டும்.

"அப்பா, உங்கட முகம்தான் வேணும். வேற ஆக்களிட்ட அது இல்லை," என்றான். தமிழில் கேட்டான், கள்ளப்பயல்.

"சரி அப்பன்," என்றார் தவம்.

அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்தேன். "உங்களுக்கு விசரே? அவர் அடிக்க, நீங்கள் போய்ச் சேத்துக்குள்ள கிடக்கப் போறியளோ?"

"பிள்ளை ஆசைப்படுறான் பவானி. ஸ்பொன்ஜ் சுத்தின தடிதானே."

"அவருக்கு வெக்கமில்லை. உங்களுக்கு ரோசமுமில்லை," என்று நான் கதவை அடித்துச் சாத்தினேன். அண்ணையோ தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அவ்வளவு காலம் ஊருக்குக் கதை சொன்னவர் அல்லவா.

யப்பான்காரரின் படம்போல மழை வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். இங்கே வருடக்கணக்காகச் சரியான மழையில்லை. தோட்டத்துக்கு எந்த நாளில் எந்த நேரத்தில் தண்ணீர் விடலாம் என்று சட்டம், மீறினால் தண்டப்பணம். தவம் கூரைத் தண்ணீர் சேர்க்கிற தாங்கியில் இருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார். முன்வாசலில் "தாங்கித் தண்ணீர்" என்று ஆங்கிலத்தில் ஒரு மட்டையும் தொங்கவிட்டார், சட்டம் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். வெறும் தண்ணீர் கமராவில் மழையாகத் தெரியாதாம். யப்பான்காரர் ஒரு படத்தில் தண்ணீருக்குள் மை கலந்தாராம். இவனும் கறுப்பு மை வாங்கிவந்து தாங்கிக்குள் ஊற்றினான். என் கத்தரிக்கன்றுகள், கொடியில் கிடந்த சேலை, உடுப்புத் தோய்க்கிற லோன்றிச் சுவர், எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தது. கோதாரி விழுவானுக்கு நல்ல பேச்சுக் கொடுத்தேன்.

முதல் முறை எடுத்தார்கள். அண்ணை தடியை ஓங்கினார், தவம் விழுந்தார். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை, பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது. திரும்ப எடுத்தார்கள். அதுவும் அப்படித்தான். அப்போது துவாரகன் மாமாவைத் தாங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். நான் கொடியடியில் நின்றேன், அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

யப்பான்காரர் ஒரு படத்தில் கதாநாயகனைச் சுற்றி உண்மையான அம்புகளை விடச் செய்தாராம். அந்த நடிகனின் முகத்தில் இருக்கிற பயம் நடிப்பில்லையாம். "மாமா, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. நான் ஆக்‌ஷன் எண்டு சொல்லமாட்டன். அவர் ரெடியா இல்லாத நேரம் அடியுங்கோ. நீங்கள் நினைச்ச இடத்தில."

அண்ணையின் முகம் ஒருகணம் செத்துப்போனது. "வேண்டாம் மருமகன்," என்றார்.

"ப்ளீஸ் மாமா."

அவர் தவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பார்ப்போம் என்று நின்றேன். அடிக்கட்டும், அடித்துக் காட்டட்டும் என்று ஒரு வெறி எனக்கு.

6

தவம் சேற்றில் முழங்காலில் நின்று கண்ணுக்குள் போன மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை பின்னால் வந்து தடியை ஓங்கினார்.

தடி இறங்க முன்னம் தவம் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கையைப் பார்த்தார். அவருடைய உடம்பு அப்படியே சுருண்டது. வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த குரல் நான் கலியாணம் செய்த நாளிலிருந்து கேட்காத குரல்.

"அண்ணை வேண்டாம் அண்ணை! பவானியை விட்டிடுறன். இனிப் பாக்கமாட்டன். ஊரை விட்டுப் போறன் அண்ணை, அடிக்காதேங்கோ!"

"வாயைப் பொத்தடா எளிய சாதி நாயே!" என்றார் அண்ணை. தடி இறங்கியது.

அது ஸ்பொன்ஜ் தடிதான். ஆனால் அவர் அதை ஓங்கி அடித்த வேகம் ஸ்பொன்ஜுக்கு உரியதல்ல. காதைப் பொத்திய கைகளின்மேல் விழுந்தது, ஸ்பொன்ஜ் கழன்று பறந்தது. திரும்ப ஓங்கியவர் அப்போதுதான் தான் எங்கே நிற்கிறேன் என்று கண்டார். கை அந்தரத்தில் நின்றது. தலைக்கவசத்துக்குள் இருந்து மூச்சிரைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

துவாரகன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை மெல்லக் கழற்றினான். ஆமிக்காரனிடம் ஒருவன் ஏன் பவானியை விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சவேண்டும்? அதை விளங்கிக்கொள்ளுகிற அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"அம்மா," என்றான். "வோஸ் இற் மாமா?" மாமாவா அது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம்," என்றேன்.

தாங்கிக்குப் பக்கத்தில் மண்வெட்டி சாத்தி இருந்தது. அவன் அதை எடுத்ததை நான் காணவில்லை, அடித்ததைத்தான் கண்டேன். அண்ணையின் தோளில் விழுந்தது. அவர் தலைக்கவசத்தோடு முகங்குப்புறச் சேற்றில் விழுந்தார். சேட்டுக் கிழிந்து இரத்தம் வந்து மையோடு கலந்தது. மகன் இரண்டாம் முறை ஓங்கினான், இம்முறை தலைக்கு. அவனுடைய முகத்தில் கிணற்றடியில் நின்ற அண்ணையின் முகம் இருந்தது. ஐயோ! நான் பயந்துகொண்டிருந்தது பிள்ளை எங்களை வெறுத்துவிடுவான் என்று. இது அதைவிடப் பெரிதாக இருந்தது.

தவம் சேற்றிலிருந்து எழும்பினார். எழும்பி, தன்னை அடித்தவருக்கும் மகனுக்கும் நடுவில் போய் நின்று, மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"காணும் அப்பன். விடு. என்ர தங்கமல்லோ, விடு."

அவன் விடவில்லை. இருவரும் அதைப் பிடித்தபடி சேற்றில் வழுக்கினார்கள், இழுபட்டார்கள், மூச்சு வாங்கினார்கள். அண்ணை கீழே கிடந்தபடி, "அந்தக் காலம் அப்பிடி மருமகன். உனக்கு விளங்காது," என்றார்.

"மருமகன் எண்டு கூப்பிடாதேங்கோ!" துவாரகனின் குரல் உடைந்தது. கை தளர்ந்தது. தவம் மண்வெட்டியை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

அண்ணை தானாகவே எழும்பி, லோன்றிக் குழாயில் முகத்தைக் கழுவினார். மை போகவில்லை. நான் ஒரு பழைய துவாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், காயத்தில் அமத்திப் பிடிக்கச் சொன்னேன். அந்தத் தோளோடேயே காரை எடுத்துக்கொண்டு சிட்னிக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. போகும்போது, "பிள்ளைக்குச் சொல்லு, படம் நல்லா வந்திருக்கும்," என்றார். அடி செருப்பாலை என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன்.

யப்பான்காரரின் அதே படங்களைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள். அண்ணை அந்த வாள்களைப் பார்த்தார், பிள்ளை மழையைப் பார்த்தான். அடிவாங்கி விழுகிறவனின் முகத்தையும் அந்த மனிதர் எவ்வளவு நேரம் காட்டுகிறார் என்று ஒருத்தராவது பார்த்திருந்தால் என் வீட்டில் இவ்வளவு நடந்திராது. எனக்குச் சினிமா தெரியாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

7

பின்னேரம் நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். தவம் குளித்துவிட்டுக் குசினி மேசையில் வந்து இருந்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. துவாரகன் உடுப்பும் மாற்றாமல் கதவடியில் நின்றான். நிலத்தில் மை சொட்டிக்கொண்டிருந்தது. தகப்பனின் இடது காதுப் பக்கமாக வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

"அப்பா, அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் மைக்கில பொய் சொன்னனான். நீங்கள் அங்கை நிண்டனீங்கள். கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்." தேடித் தேடித் தமிழில் சொன்னான். "ஏன் என்னை நிப்பாட்டேல்லை? நீங்கள் ஏன் என்னை அப்பிடி விட்டனீங்கள்?"

நான் கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றேன். தவம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் அந்தக் கிணற்றடியைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"நிப்பாட்டத்தான் வெளிக்கிட்டனான்," என்றார். "சனத்தை விலத்திக்கொண்டு உனக்குக் கிட்ட வந்திட்டன். பிறகு காலெழும்பேல்லை."

"ஏன்?"

"நீ எனக்காகக் கத்திக்கொண்டு நிண்டாய் அப்பன்." அவருடைய கை தன்னை அறியாமல் வலது காதுக்குப் போனது. "இந்தக் காது கடைசியாக் கேட்டது என்ன தெரியுமோ? உன்ர அம்மா கத்தினது. மழைக்குள்ள, கிணத்தடியில. அதோட இது நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு எனக்காக ஒருத்தரும் கத்தினதில்லை. நீ கத்தினாய். அதைப் போய் எப்பிடி நிப்பாட்டுறது?"

துவாரகன் மேசையில் தலையை வைத்து அழுதான். சின்னப் பிள்ளையில் அழுததுபோல வாய்விட்டு அழுதான். தவம் அவனுடைய தலைமயிரைக் கோதிக் கொடுத்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் திரும்பவும் கறுத்தது.

நான் கேத்திலைக் கீழே வைத்தேன். அன்றைக்குக் கிணற்றடியில் அவர் மயங்கிக் கிடந்தார், ஒன்றும் கேட்டிருக்காது, நான் கத்தியது காற்றோடு போயிற்று என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு அது கேட்டிருக்கிறது. நான் போய் அவருடைய மற்றப் பக்கத்தில், கேட்காத காதுப் பக்கமாக, கதிரையை நெருக்கிப்போட்டு இருந்தேன்.